முதல் பக்கத்துக்குத் திரும்பும் இடம்

ஆரியங்கோடு,
12 பிப்ரவரி 2023

அன்புள்ள ஜோஷிக்கு,

உறையின் மேல் இருக்கும் கையெழுத்தை நீ அடையாளம் கண்டிருக்க மாட்டாய். அது இப்போது கோழி கிளறியது போல ஆகிவிட்டது. ஷீனாதான். பாறசாலை சபையில் உன்னோடு பியானோ வாசித்த ஷீனா. நீ நல்ல சுகமாக இருக்க வேண்டும் என்று மனசார விரும்புகிறேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் எழுதப்போவதில் அது தெரியாமல் போகலாம்.

போன மாதம் காரோட்டில் ஒரு கல்யாண வீட்டில் உன் அம்மாவைப் பார்த்தேன். புஷ்பபாய் மாமி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவனுக்கு சினிமாவுக்கு வயலின் வாசிக்கவே நேரம் பத்தல்ல மக்கா, பின்ன ஊருக்கு எங்க வர?" என்றார்கள். உன் சென்னை முகவரி அவர்கள் தந்தது. போன் நம்பரும் தந்தார்கள். போனில் நீ சிரித்து மழுப்பிவிடுவாய். அதனால்தான் தபால்.

என் சேதி சொல்லுகிறேன். கல்யாணமாகி ஆரியங்கோட்டுக்கு வந்தது உனக்குத் தெரியும். வீட்டுக்காரர் ஜிஜிக்கு ரப்பர் வெட்டு, பால் எடுக்கும் வேலை. கொஞ்சம் சொந்த மரம், மிச்சம் அடுத்தவர்கள் தோட்டம். பிள்ளைகள் இல்லை, அதற்காக அழுத காலமும் கழிந்தது. ஞாயிறுதோறும் பாறசாலைக்கு பஸ் ஏறி ஆராதனைக்கு வாசிப்பேன். ஒன்றரை வருஷத்துக்கு முன் ஒரு நாள் தேங்காய் துருவும்போது வலது கைப் பெருவிரல் பிடி விட்டது. பிறகு சட்டை ஊக்கு, பிறகு சாவி. திருவனந்தபுரத்து டாக்டர் நீளமாக ஒரு பெயர் சொன்னார். நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தசையைக் கைவிடுமாம். கை, கால், நாக்கு, கடைசியில் மூச்சு. மருந்து இல்லை. அழுது முடித்துவிட்டேன், நீ தொடங்காதே.

எனக்கு உன்னிடமிருந்து வேண்டியது ஒன்றே ஒன்று.

நேற்று ஜிஜிக்கு அந்த நாளைப் பற்றிச் சொன்னேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல் தடவை. மோசார்ட்டின் இ மைனர் சொனாட்டா, வயலினும் பியானோவும் ஒரே சுரத்தில் சேர்ந்து தொடங்கும் என்று விளக்கினேன். முதல் பகுதி முடியும் இடத்தில் தாளில் ஒரு இரட்டைக் கோடு, அதன் பக்கத்தில் இரண்டு புள்ளி. அந்தப் புள்ளியைக் கண்டால் முதல் பக்கத்துக்குத் திரும்பி இன்னொரு தடவை வாசிக்கலாம், இல்லை நேரே போகலாம், வாசிக்கும் இரண்டு பேரும் முன்கூட்டிப் பேசி முடிவு செய்ய வேண்டியது என்றேன். "அப்ப பேசாம போனா?" என்று கேட்டார். பேசித்தான் போனோம் என்றேன்.

2003 அக்டோபர், திருவனந்தபுரம். சென்னை இசைப்பள்ளியிலிருந்து வந்த மூன்று பேர் முன்னால் நாம் வாசித்தோம். நன்றாக வாசித்தால் இருவருக்கும் இடம். இரட்டைக் கோடு வந்தது. நான் நேரே போனேன், நீ திரும்பிப் போனாய். நான் மூன்றாம் பக்கத்தில், நீ முதல் பக்கத்தில். நாலு தாள அடி கூட ஓடவில்லை, நின்றுபோனது. அந்த மூன்று பேரில் இருந்த ஒரு அம்மா உன்னிடம் கேட்டார்கள், திரும்பி வாசிப்பதாகத்தானே பேசியிருந்தீர்கள் என்று. நீ "ஆமா" என்றாய்.

உனக்கு இடம் கிடைத்தது. எனக்கு அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்கள். அடுத்த வருஷம் நான் ஆரியங்கோட்டில் இருந்தேன்.

அன்று நாம் பேசி வைத்தது என்ன, நடந்தது என்ன என்று உன் கையால் எழுதித் தா, ஜோஷி. வேறு ஒன்றும் வேண்டாம். என் விரல்கள் வேலை செய்யும்போதே அதைப் பிடித்து வாசிக்க வேண்டும்.

உன் பழைய கூட்டாளி,
ஷீனா

* * *

சென்னை,
5 மார்ச் 2023

அன்பு ஷீனாவுக்கு,

உன் கடிதம் மூன்று நாள் என் மேசையில் கிடந்தது. வாசித்துவிட்டு மடித்து வைப்பேன், மறுபடி எடுப்பேன். மனசு கேட்கவில்லை, அது மட்டும் உண்மை.

நரம்பு நோய்க்கு இங்கே கெட்டிக்கார டாக்டர் ஒருவரைத் தெரியும். உன் ரிப்போர்ட் எல்லாம் அனுப்பிவை, நானே கொண்டு காட்டுகிறேன். இந்தக் காலத்தில் ஒரு டாக்டர் சொன்னதை மட்டும் நம்பி இருக்கக் கூடாது. ஜிஜி அண்ணனுக்கு என் விசாரிப்பைச் சொல்.

எனக்குப் பெரிதாகச் சேதி இல்லை. பாட்டுப் பதிவுகளுக்கு வாசிக்கிறேன். இருபது வயலினில் ஒருவனாக உட்கார்ந்து, தாளில் இருப்பதை வாசித்துவிட்டு வீட்டுக்கு வருவேன். மாலையில் சில பிள்ளைகள் படிக்க வருகிறார்கள். கல்யாணம் ஒன்று நடந்தது, நீடிக்கவில்லை. அதை அம்மா உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள்.

அந்த நாளைப் பற்றிக் கேட்டாய். ஷீனா, நமக்கு அப்போது இருபத்தொரு வயசு. யார் திரும்பினார்கள், யார் நேரே போனார்கள் என்று இன்றைக்கு யாருக்கு ஓர்மை? பழகும்போது இரண்டு விதமாகவும் வாசித்திருக்கிறோம். இரண்டு பேருக்கும் பதற்றம். அதையே நினைத்து இந்த நேரத்தில் உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. மே மாதம் வருகிறேன். நேரில் உட்கார்ந்து எல்லாம் பேசலாம்.

அன்புடன்,
ஜோஷி

* * *

ஆரியங்கோடு,
11 ஏப்ரல் 2023

ஜோஷிக்கு,

பண்டிகை வாழ்த்துகள். உயிர்த்தெழுந்த ஞாயிறுக்கு நான் வாசிக்கவில்லை. கீழே உட்கார்ந்து பாடினேன். பக்கத்தில் இருந்த சாராம்மா என் புத்தகத்தின் தாளைத் திருப்பித் தந்தாள். இருபது வருஷம் அந்த ஆலயத்தின் எல்லாப் பாட்டுக்கும் தாளைத் திருப்பியவள் நான்.

உனக்கு ஓர்மை இல்லை என்று எழுதியிருக்கிறாய். எனக்கு உண்டு. கூட ஒரு ஜெராக்ஸ் வைத்திருக்கிறேன், பார். என் சொனாட்டாத் தாளின் இரண்டாம் பக்கம். இரட்டைக் கோட்டின் பக்கத்தில் இருக்கும் இரண்டு புள்ளியையும் யாரோ பென்சிலால் அடித்துவிட்டு, மேலே "நேரே போ, ஷீனா" என்று எழுதியிருக்கிறார்கள். ஜெராக்ஸில் கறுப்பாகத் தெரியும், அசலில் அது சிவப்புப் பென்சில். நம் குவயர் பாட்டுக்குழுவில் சிவப்புப் பென்சில் வைத்திருந்தது யார் என்று புஷ்பபாய் மாமியைக் கேட்டாலும் சொல்வார்கள்.

கோபம் வருகிறது, அதை மறைக்கப் போவதில்லை. ஊரில் இன்றைக்கும் "ஜோஷிக்க வயலின் சொனாட்டா" என்றுதான் சொல்கிறார்கள். நம் புத்தகத்தின் அட்டையில் என்ன அச்சடித்திருந்தது? பியானோவும் வயலினும். பியானோதான் முதலில். அந்தக் காலத்தில் வயலின்காரன்தான் பியானோவுக்குக் கூட வாசிக்க வருவானாம். நான் சொல்லிச் சொல்லிச் சிரித்ததும் நீ வில்லை ஓங்கிக்கொண்டு அடிக்க வந்ததும் எனக்கு நேற்று போல இருக்கிறது.

இன்னொரு சேதி. பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை, ஆலயத்தைப் பெருக்கிக் கழுவி எல்லாரும் போன பிறகு, நானும் ஜிஜியும் மட்டும் இருந்தோம். சொனாட்டாவில் என் பங்கை முழுக்க வாசித்தேன், ஜிஜி போனில் பிடித்தார். கொஞ்சம் மெதுவாகத்தான் வாசித்தேன். நாலு இடத்தில் வலது கை வழுக்கியது. வாசித்து முடித்தபோது தோள் வரை நடுங்கிக்கொண்டிருந்தது. இனி ஒரு தடவை என்னால் முடியாது. அந்தப் பதிவில் வயலின் இல்லை. உனக்கான இடம் காலியாகக் கிடக்கிறது.

நீ எழுதித் தந்தால் அதை அனுப்புவேன். இல்லாவிட்டால் ஜிஜியின் போனிலேயே கிடக்கட்டும்.

மே மாதம் வருகிறாய் என்று உன் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். நெத்திலி வாங்க வேண்டும் என்று இப்போதே பேச்சு.

ஷீனா

* * *

சென்னை,
18 ஜூன் 2023

அன்பு ஷீனாவுக்கு,

மே மாதம் வர முடியவில்லை. ஒரு படத்தின் பின்னணி வேலை இழுத்துக்கொண்டே போனது. அம்மாவும் போனில் திட்டித் தீர்த்துவிட்டாள். மன்னித்துக்கொள்.

கூட ஒரு சின்னப் பொட்டலம் அனுப்புகிறேன். கைக்குப் பயிற்சி கொடுக்கும் பந்து. காலையும் மாலையும் அமுக்கிப் பழகினால் பலம் வரும் என்று இங்கே ஒரு பிசியோதெரபிஸ்ட் சொன்னார். தவறாமல் செய்.

ஜெராக்ஸைப் பார்த்தேன். பென்சில் என்னுடையதுதான். ஆனால் எழுதினது எந்த நாளில் என்று சொல்ல முடியாது அல்லவா? அந்த மண்டபத்தில் நுழைவதற்கு முன் மாற்றிப் பேசினோமோ என்று எனக்கு ஒரு ஓர்மை உண்டு. நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. நீ சொல்வதே சரியாக இருக்கலாம். அப்படியே வைத்துக்கொள்வோம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
ஜோஷி

* * *

ஆரியங்கோடு,
20 ஆகஸ்டு 2023

ஜோஷிக்கு,

இதை எழுதுவது ஜிஜி. சொல்வது நான். வலது கை போய்விட்டது, இடது கை ஸ்பூன் பிடிக்கும், அவ்வளவுதான். பேச்சும் குழறத் தொடங்கிவிட்டது, ஜிஜிக்கு மட்டும் புரிகிறது. காலையில் ரப்பர் வெட்டி, பால் எடுத்து, ஆசிட் விட்டு உறைய வைத்து, ஷீட் அடித்துப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறார். தாளில் ஆசிட் மணந்தால் பொறுத்துக்கொள்.

பந்து கிடைத்தது. ரப்பர் வெட்டுகிறவன் வீட்டுக்கு ரப்பர் பந்து அனுப்பியவன் உலகத்திலேயே நீ ஒருத்தன்தான். நான் சிரித்த சிரிப்பில் புரையேறி, ஜிஜி பயந்துபோனார்.

(நான் ஜிஜி எழுதுறேன். பயந்தது உண்மையாக்கும். சோறு இறங்குகது இப்ப கஷ்டம். அவ இத எழுதாண்டாம்னு சொல்லுகா. நான் எழுதிட்டேன்.)

"அப்படியே வைத்துக்கொள்வோம்" என்று எழுதியிருந்தாய். அது எப்படி வைத்துக்கொள்ள முடியும்? நீ சொன்ன ஒரு "ஆமா" என்ன செய்தது என்று உனக்குத் தெரியாது. இடம் கிடைக்காதது போகட்டும். அன்றைக்குப் பிறகு எனக்கு என்மேல் நம்பிக்கை போய்விட்டது. நான்தான் மறந்துவிட்டேனோ, மண்டபத்துக்கு வெளியே நீ வேறு ஏதாவது சொன்னாயோ, நான் காது கேளாமல் நின்றேனோ என்று நினைத்து நினைத்துப் பார்த்தேன். சபையில் ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் குவயர் நடத்தும் குட்டப்பன் சாரிடம் போய், எத்தனை சரணம், கடைசி வரி திரும்புமா திரும்பாதா என்று கேட்பேன். பலகையில் எழுதிப் போட்டிருக்கும், ஆனாலும் கேட்பேன். குவயரில் பிள்ளைகள் சிரிப்பார்கள். இருபது வருஷம், ஜோஷி. கையில் பென்சில் குறி இருக்கிற தாள் இருந்தும் நான் என்னை நம்பவில்லை. நீ பொய் சொல்ல மாட்டாய் என்றுதான் நம்பினேன்.

திரும்பி வரும்போது நெய்யாற்றின்கரை பஸ் ஸ்டாண்டில், "வெள்ளம் குடிச்சிட்டு வாறேன்" என்று சொல்லி இறங்கினாய். பஸ்காரர் மணி அடித்தார். ஒரு ஆள் வரணும் என்று நான் எழுந்து நின்று கத்தினேன். நீ கடையின் பின்னால் நின்றுகொண்டிருந்தாய், உன் வயலின் பெட்டியின் நுனி தெரிந்தது. பஸ் எடுத்துவிட்டார்கள். நான் உன்னில் கடைசியாகப் பார்த்தது அந்தப் பெட்டியின் நுனியைத்தான்.

இனி கேட்க மாட்டேன். இது கடைசித் தடவை.

ஷீனா

(கையெழுத்துப் போட முடியல்ல. பெருவிரல் பதிச்சிருக்கா. — ஜிஜி)

* * *

சென்னை,
2 அக்டோபர் 2023

ஷீனாவுக்கு,

ஜிஜி அண்ணன், இந்த உறையைப் பிரித்து அவள் கண்ணுக்கு முன்னால் பிடிக்கப் போவது நீங்கள்தான். இதில் உங்களுக்குப் பிடிக்காதது இருக்கும். அதை விட்டுவிட்டு எழுதலாம் என்று நான்கு தடவை பார்த்தேன். அப்படி எழுதினால் அது மறுபடியும் பொய்யாகிவிடும். நீங்கள் மன்னிக்க வேண்டும்.

ஷீனா, நாம் நேரே போவதாகத்தான் பேசியிருந்தோம். மண்டபத்துக்கு வெளியே எதையும் மாற்றவில்லை. மாமரத்தின் கீழே நின்று, "நேரே அல்லியோ?" என்று நீ இன்னொரு தடவை கேட்டாய். "நேரேதான்" என்று நான் சொன்னேன். தவறு என்னுடையது. "ஆமா" என்று சொன்னது பொய். எனக்கு எல்லாம் ஓர்மை உண்டு. ஒரு நாளும் மறந்ததில்லை.

ஏன் திரும்பினேன் என்று நீ கேட்கவில்லை. ஆனாலும் சொல்லுகிறேன். அன்று காலையில் பஸ்ஸில் நீ சொன்னாய், ஆரியங்கோட்டிலிருந்து உன்னைப் பெண் பார்க்க ஆள்கள் வருகிறார்கள், சென்னையில் இடம் கிடைத்தால் அம்மாவிடம் சொல்லித் தள்ளிப் போடலாம் என்று. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்கு உன்மேல் பிரியம் இருந்தது. அதை உன்னிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

பிறகு வாசிக்கத் தொடங்கினோம். உனக்கும் தெரிந்திருக்கும், நாம் ஒரு நாளும் அப்படி வாசித்ததில்லை. மூச்சு கூட ஒன்றாக எடுத்தோம். இரட்டைக் கோடு வந்தபோது, இதை இன்னொரு தடவை வாசிக்க வேண்டும், இது போகக் கூடாது என்று தோன்றியது. யோசித்துச் செய்யவில்லை. வில் முதல் பக்கத்துக்குப் போய்விட்டது. நீயும் கூடவே வந்துவிடுவாய் என்று நினைத்தேன். நான் எங்கே போனாலும் பியானோ பின்னால் வரும் என்று நினைத்தேன். அதுதான் உண்மையான தவறு, ஷீனா. பியானோவும் வயலினும் என்று நீ சிரித்துக்கொண்டே சொன்னபோதெல்லாம் நான் அதைக் காதில் வாங்கவே இல்லை.

நீ வரவில்லை. பேசியபடி நேரே போனாய். நீ செய்ததுதான் சரி. அந்த அம்மா கேட்டபோது எல்லார் முகமும் என் பக்கம் திரும்பியது. வெட்கத்தில் "ஆமா" என்று வந்துவிட்டது. அடுத்த நிமிஷமே மாற்றிச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நெய்யாற்றின்கரையில் உன் முகத்தைப் பார்க்க முடியாமல் இறங்கினேன். நீ கத்தியது எனக்குக் கேட்டது.

அந்தப் பள்ளியில் மூன்று வருஷம் படித்தேன். சொனாட்டாக்கள் நிறைய வாசித்தேன், நல்ல நல்ல பியானோக்காரர்களோடு. ஆனால் இந்த ஒன்றை மட்டும் பிறகு நான் யாரோடும் வாசிக்கவில்லை.

டிசம்பர் இருபத்தேழாம் தேதிக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். அதற்கு முன் வேலையை விட முடியவில்லை. இந்தத் தடவை வருவேன். உன் பதிவை அனுப்பு. நேரே போகப் பழகிக்கொண்டு வருகிறேன்.

ஜோஷி

* * *

ஆரியங்கோடு,
9 நவம்பர் 2023

அன்புள்ள ஜோஷிக்கு,

நீ எழுதியது கிடைத்தது. ஜிஜி பிடித்தார், நான் வாசித்தேன், பிறகு அவரும் வாசித்தார். மூன்றாம் நாள் நான் அழுதேன். நல்ல அழுகைதான்.

என் தலை சரியாகத்தான் இருந்திருக்கிறது என்று தெரிந்ததில் எவ்வளவு நிம்மதி என்று சொல்லத் தெரியவில்லை. கூடவே கோபமும் உண்டு. இதைச் சொல்ல உனக்கு நான் படுக்கையில் விழ வேண்டியிருந்ததே. உனக்கு இன்னும் இரண்டு நிமிஷம் வேண்டியிருந்தது, சரி. அந்த இரண்டு நிமிஷத்தை நீ என்னிடம் கேட்டிருக்கலாம். பஸ்ஸிலும் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று இப்போது சொல்ல மாட்டேன். அதை எழுத வேண்டியவர் ஜிஜி, பாவம். அவர் எனக்கு நல்லது மட்டும்தான் செய்திருக்கிறார்.

சபையில் ஒரு வார்த்தை சொல். குவயர்க்காரர்கள் கேட்கும்படி சொல். அது போதும்.

சொன்ன வாக்குப்படி பென்டிரைவ் வைத்திருக்கிறேன். அதில் என் குரலும் உண்டு, அப்போது நன்றாகப் பேசுவேன். தாளத்தில் கொஞ்சம் பொறுமையாக இரு, கை அப்போதே தளர்ந்திருந்தது.

இங்கே ஐப்பசித் துலா மழை விடாமல் பெய்கிறது. ரப்பர் வெட்டு இல்லை. நெய்யாறு டேமில் ஷட்டர் திறந்திருக்கிறார்கள் என்று ஜிஜி சொன்னார். அவர் நாள் முழுக்க என் பக்கத்தில் இருப்பது எனக்கு நல்லதாகத்தான் இருக்கிறது. மூச்சுக்கு ஒரு மெஷின் வந்திருக்கிறது. அது தாளம் தப்பாமல் போகிறது, உன்னைவிட மேல்.

இருபத்தேழாம் தேதி வா.

ஷீனா

(தம்பி, நான் ஜிஜி. எல்லாம் வாசிச்சேன். மரத்துக்கு மரம் நடக்கும்போ அதையே யோசிச்சேன். கோவம் இல்லண்ணு சொன்னா கள்ளமாக்கும். கொஞ்சம் உண்டு. ஆனா அவ இப்ப சிரிக்கா. முடியுமானா நேரத்தோட வாங்க. இருபத்தேழு ரொம்ப தூரமாட்டு தெரியுது. இத நான் எழுதினது அவளுக்குத் தெரியாது.)

* * *

காரோடு,
16 ஜனவரி 2024

ஷீனா,

முகவரி பழையதுதான் போட்டிருக்கிறேன். ஜிஜி அண்ணன் உறையைப் பிரித்துப் பிடிப்பார்.

நேரத்தோடு வாங்க என்று அவர் எழுதியதைப் படித்து, டிசம்பர் நாலாம் தேதிக்கு டிக்கெட்டை மாற்றினேன். அன்றைக்குத்தான் சென்னை தண்ணீரில் மூழ்கியது. ரயில் ஓடவில்லை. முட்டளவு தண்ணீரில் வயலின் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு அலைந்தேன், அதுவும் இல்லை. ஐந்தாம் தேதி காலையில் ஜிஜி அண்ணனின் போன் வந்தது. "ஷீனா போயிட்டா தம்பி" என்று மட்டும் சொன்னார். நான் பாறசாலையில் இறங்கியது எட்டாம் தேதி. கல்லறையில் பூ வாடியிருந்தது. நவம்பரிலேயே வந்திருக்க வேண்டும். மழையைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை.

திரும்பிப் போகவில்லை. அம்மாவோடு இருக்கிறேன். பென்டிரைவை சென்னையிலேயே ஒரு தடவை போட்டுப் பார்த்திருந்தேன். "ஜோஷி, வாறியா? ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு" என்று உன் குரல் வந்தது. அதற்கு மேல் கேட்க முடியாமல் நிறுத்திவிட்டேன். இருபது வருஷத்துக்குப் பிறகு உன் குரலை அப்படிக் கேட்டால் நான் என்ன செய்வேன்? பிறகு தினமும் என் பங்கை மட்டும் பழகினேன். இரட்டைக் கோட்டைத் தாண்டி நேரே, நேரே என்று ஒரு நாளைக்கு முப்பது தடவை. கை தானாகப் போகும்வரை பழகினேன்.

முந்தாநாள் ஞாயிறு ஆலயத்தில் உன் நினைவு ஆராதனை நடந்தது. பியானோவை மூடி, அதன் மேல் ஒரு சின்ன ஸ்பீக்கரை வைத்திருந்தார்கள். குவயர் முழுக்க வந்திருந்தது. குட்டப்பன் சார், சாராம்மா, எல்லாரும். ஜிஜி அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டு முன் பெஞ்சில் இருந்தார். அவர்தான் போனை அமுக்கினார்.

நீ எண்ணினாய். நாம் சேர்ந்து தொடங்கினோம். நீ மெதுவாகத்தான் வாசித்திருந்தாய். வலது கை வழுக்கிய இடங்களில் நானும் கொஞ்சம் தாமதித்தேன். ஆலயத்தில் ஒரு பிள்ளை கூட அழவில்லை. இரட்டைக் கோடு வந்தது. நான் நேரே போனேன், ஷீனா. நாம் அன்று பேசியது போல, நேரே மூன்றாம் பக்கத்துக்குப் போனேன்.

நீ திரும்பி முதல் பக்கத்துக்குப் போனாய்.

இரண்டு அடி வாசித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. வில்லை எடுத்துவிட்டேன். ஓடிப்போய் உன்னோடு சேர்ந்துகொண்டிருக்கலாம், முதல் பக்கம் எனக்கு உறக்கத்திலும் தெரியும். சேரவில்லை. வயலினைத் தோளிலிருந்து இறக்கிவிட்டு நின்றேன். நீ மட்டும் வாசித்தாய். எனக்கான இடத்தைக் காலியாக விட்டு, அந்த இரண்டு நிமிஷமும் நீயே வாசித்தாய். உன் பங்கு இத்தனை அழகானது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. இரண்டாம் தடவை இரட்டைக் கோடு வந்தபோது வயலினைத் தூக்கி, நீ எங்கே போகிறாய் என்று கேட்டு, உன் பின்னால் வந்தேன்.

முடிந்ததும் சபையைப் பார்த்துச் சொன்னேன். "இண்ணைக்குத் தெற்றினது நானாக்கும். இருபது வருஷம் முன்ன திருவனந்தபுரத்தில தெற்றினதும் நான்தான். அவ ஒரு நாளும் தெற்றினதில்ல." குட்டப்பன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

வெளியே வந்து ஜிஜி அண்ணனிடம் கேட்டேன். அந்தப் பதிவு போன ஏப்ரலில் எடுத்தது. அப்போது நான் உன்னிடம் மழுப்பிக்கொண்டிருந்தேன், ஒரு வார்த்தை கூட ஒப்புக்கொள்ளவில்லை. பிறகு ஏன் நீ திரும்பினாய்? அவர் கொஞ்ச நேரம் செருப்பைத் தேடினார். பிறகு சொன்னார்: "எனக்கு அந்தப் புள்ளி வெசயம் அப்ப தெரியுமே. அவ திரும்பினப்ப, ஐயோ தெற்றிப்போச்சேன்னு போனை நிறுத்தப் போனேன். கண்ணால வேண்டாம்னா. முடிஞ்சப்பறம் கேட்டேன், நேரே அல்லியோ போணும்னு. 'அவன் அங்கதான் வருவான்'னு சொன்னா."

நான் எழுதித் தருவதற்கு ஆறு மாதம் முன்பே நீ வந்து நின்றிருக்கிறாய். நான்தான் இந்தத் தடவையும் அங்கே இல்லை.

உன் தாளை ஜிஜி அண்ணன் எனக்குத் தந்தார். சிவப்புப் பென்சில் கோட்டை ரப்பர் வைத்து அழித்தேன். முழுக்கப் போகவில்லை, ஆனாலும் இரண்டு புள்ளியும் தெரிகிறது. வருகிற ஞாயிறிலிருந்து ஆராதனைக்கு நான் வாசிக்கிறேன். எத்தனை சரணம், கடைசி வரி திரும்புமா என்று பாட்டுக்கு முன்னால் போய்க் கேட்டுக்கொள்வேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

நாளைக்கு நெய்யாற்றின்கரை வழியாக ஆரியங்கோட்டுக்கு வருகிறேன், ஜிஜி அண்ணன் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார். ஸ்டாண்டில் இறங்க மாட்டேன்.

ஜோஷி